வெகுமதி அட்டைக்குத் துணையாக ஒரு முதலீட்டுக் கணக்கு

கடன் அட்டையில் செய்யும் செலவுக்கு ஈடாக வங்கி திருப்பித் தரும் சிறுதொகையை, அதாவது வழக்கில் கேஷ்பேக் எனப்படும் பணத்தை, அடுத்த செலவில் கரைந்துபோக விடாமல் நேரே ஒரு முதலீட்டுக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டின் வேர் அமெரிக்காவில் உள்ளது. மெரில் லிஞ்ச் என்னும் பங்குத் தரகு நிறுவனம் 1977-இல் ‘கேஷ் மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்’ என்ற பெயரில் ஒரு கணக்கை அறிமுகப்படுத்தியபோது, பங்குகளை வைத்திருக்கும் கணக்கிலேயே எஞ்சும் ரொக்கம் பணச்சந்தை நிதிக்குச் சென்று வருமானம் ஈட்டவும், அதே கணக்கின்மீது காசோலை எழுதவும், விசா அட்டையைத் தேய்க்கவும் வழி பிறந்தது. இன்று ஃபிடெலிட்டி நிறுவனம் தன் பெயரில் வெளிவரும் அட்டையின் 2 சதவீத வெகுமதியைத் தன்னிடமுள்ள கணக்கிலேயே வரவு வைப்பது அந்த மரபின் தொடர்ச்சி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாயிலாக இதைக் கேள்விப்படும் மாட்டுங்கா, செம்பூர் குடும்பங்கள் அதையே மும்பையிலும் தேடுவதுண்டு. அதே வடிவில் இந்தியாவில் அது கிடைக்காது. கிடைக்காததற்குக் காரணம் வங்கிகளின் சோம்பல் அன்று, ஒழுங்குமுறை.

இந்தியாவில் வங்கிப் பணத்தையும் கடன் அட்டையையும் ரிசர்வ் வங்கி மேற்பார்க்கிறது. பங்குத் தரகரையும் பரஸ்பர நிதியையும் செபி எனப்படும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்க்கிறது. பங்குத் தரகர் வைப்புநிதி திரட்டும் நிறுவனம் அல்லர் என்பதால் அவரிடம் சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி இல்லை. அப்பணத்தை வாடிக்கையாளர் விரும்பியபடி மாதத்துக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ அவருடைய வங்கிக் கணக்குக்கே தரகர் திருப்பியனுப்பவும் வேண்டும். வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு, தரகரிடம் இருக்கும் பணத்துக்குப் பொருந்தாது. 2019 நவம்பரில், கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு அடகு வைத்திருந்ததாகக் கண்டு செபி அதன்மீது தடை விதித்தது; அதற்குப்பின் இவ்விதிகள் மேலும் இறுகி, வாடிக்கையாளரின் பணம் தரகரின் கையில் தங்கும் நேரமே குறைக்கப்பட்டுவிட்டது. கடன் அட்டையைக் கொண்டு தரகுக் கணக்கில் பணம் ஏற்றவும் முடியாது. பதிவு செய்யப்பட்ட சொந்த வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்தை மட்டுமே தரகர் ஏற்பார்.

ஆகவே இங்கு இந்த இணைப்பை ஒரே பொருளாகக் கடையில் வாங்க இயலாது. கடன் அட்டை, சேமிப்புக் கணக்கு, முதலீட்டுக் கணக்கு என்னும் மூன்றையும் தனித்தனியே அமைத்து, நடுவிலுள்ள சேமிப்புக் கணக்கின் வழியாகவே பணத்தை நகர்த்த வேண்டும். பெரும்பாலானோர் அட்டையைத் தேர்வதில் செலவிடும் கவனத்தில் பாதியைக்கூட அந்த நடுக்கணக்கில் செலுத்துவதில்லை. அட்டைக்குரிய பில்லும் முதலீட்டுத் தவணையும் அதிலிருந்தே பிடிக்கப்படுவதாலும், விற்ற பங்கின் பணம் அதிலேயே வந்து சேருவதாலும், அதன் பெயரிலோ இருப்பிலோ ஏற்படும் சிறு பிழை மற்ற இரண்டையும் முடக்கிவிடும்.

சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை, வட்டி வீதத்தை வைத்துத் தேர்வு செய்வதில் இப்போது பொருளில்லை. 2025-இல் பெரிய வங்கிகள் பலவும் அதை 2.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன. தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகள் மும்பையில் வீட்டார்போல் பழகுபவை. ஆனால் பிரதான வங்கிக் கணக்காக ஒன்றைத் தேர்பவர் 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் நிகழ்ந்ததை மறக்கலாகாது. அங்குத் தொடக்கத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 1,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி வரம்பிட்டபோது, சேமிப்பு மட்டுமன்றி அக்கணக்கோடு பிணைந்த தவணைகளும் பில்களும் சேர்ந்தே நின்றுபோயின. கூட்டுறவு வங்கிக் கணக்கை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அட்டையையும் முதலீட்டையும் பிணைக்கும் கணக்கு வேறொன்றாக இருப்பது நல்லது.

பெரிய வங்கிகள் சில, தம் துணைத் தரகு நிறுவனங்களின் வழியே சேமிப்பு, டீமேட், டிரேடிங் மூன்றையும் சேர்த்து ‘த்ரீ இன் ஒன்’ கணக்காகத் தருகின்றன. டீமேட் கணக்கு என்பது பங்குகளையும் நிதி அலகுகளையும் மின்வடிவில் காத்துவைக்கும் பெட்டகம். டிரேடிங் கணக்கு என்பது வாங்கவும் விற்கவும் ஆணையிடும் வாயில். இந்த மூன்றும் ஒன்றான வகையில், பங்கு வாங்கும் வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருந்து வட்டி ஈட்டும் என்பதால், அமெரிக்க ஏற்பாட்டுக்கு மிக அருகில் வருவது இதுவே; தரகுக் கட்டணம் குறைந்த நிறுவனங்களைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பது இதன் விலை. இதற்கு இணையான இன்னொரு வழி, யுபிஐ வாயிலாகப் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே முடக்கி வைத்து, பங்கு வாங்கியபின் மட்டும் கழிக்கும் முறை. செபியின் ‘தகுதி பெற்ற தரகர்’ பட்டியலில் உள்ள பெரிய தரகர்கள் இவ்விரண்டில் ஒன்றையேனும் 2025 பிப்ரவரி முதல் தர வேண்டும் என்பது விதி. கணக்குத் தொடங்கும் முன் தரகரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, தரகுக் கட்டணம் எவ்வளவு என்பதைவிட, இவ்வசதி உண்டா என்பதே.

அட்டையின் தேர்வில் வெகுமதியின் சதவீதத்தைக் காட்டிலும் அது எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதே இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். 2018-இல் வெளிவந்த அமேசான் பே ஐசிஐசிஐ அட்டையின் வெகுமதி அமேசான் பே இருப்பாக வருகிறது. அது பொருள் வாங்கவும் சில கட்டணங்கள் கட்டவும் பயன்படுமே தவிர முதலீட்டுக்கு ஆகாது. 2022 செப்டம்பரில் எஸ்பிஐ கார்டு நிறுவனம் வெளியிட்ட கேஷ்பேக் அட்டை, அறிமுகத்தின்போது இணையச் செலவுக்கு 5 சதவீதமும் கடைச் செலவுக்கு 1 சதவீதமும் அறிவித்து, அத்தொகையை அட்டைக் கணக்கிலேயே கழித்தது; அதாவது கைக்குப் பணம் வரவில்லை, பில் குறைந்தது. புள்ளிகளாகத் தரும் அட்டைகளில் ஒரு புள்ளி ஒரு ரூபாய் என்று எண்ணிவிடக் கூடாது. நான்கு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்ற மதிப்பு பரவலாக உள்ளது, அதை மீட்கும்போது 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்கும் வங்கிகளும் பல. இவ்விதிகளை வங்கிகள் ஆண்டுக்கு ஓரிருமுறையேனும் மாற்றுவதால், அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள கட்டண அட்டவணையைப் படிப்பதற்கு மாற்று வழி கிடையாது. வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல், எரிபொருள் போன்ற செலவுகளுக்குப் பல அட்டைகள் வெகுமதி தருவதில்லை. வாடகைக்கு 1 சதவீதக் கட்டணம் வாங்கும் அட்டைகளும் உண்டு.

தாராவியில் தோல் பை தைப்பவர், இட்லி வியாபாரி, சிறு பட்டறை நடத்துபவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டு இராது. வருமான வரிக் கணக்கும் சிலருக்கே இருக்கும். இவர்களுக்கு எளிதில் கிடைப்பது, வங்கியில் ஒரு வைப்புநிதியைப் போட்டு அதன் பிணையில் வழங்கப்படும் அட்டை. வைப்புக்கு வட்டி தொடர்ந்து வரும், பெரும்பாலும் வைப்பின் பெரும்பகுதி அளவுக்குக் கடன் வரம்பு கிடைக்கும், ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்களில் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் உருவாகும். பட்டறைக்காரர் குமாஸ்தா லைசென்ஸ் என்று வழங்கும் கடைப் பதிவு, மகாராஷ்டிராவின் 2017 சட்டத்துக்குப் பின் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு வெறும் அறிவிப்பாகச் சுருங்கிவிட்டது. அந்த அறிவிப்பு ரசீதும் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் தொழிலுக்குச் சான்றாகப் பயன்படும். ரூபே வகை அட்டையாக இருந்தால் 2022 செப்டம்பர் முதல் அதை யுபிஐ செயலியில் இணைத்துக் கடையின் க்யூஆர் குறியீட்டை நோக்கிச் செலுத்தலாம். தேய்க்கும் இயந்திரம் இல்லாத 90 அடிச் சாலைக் கடைகளிலும் இதனால் வெகுமதி சேரும். ஆனால் கடைக்காரர் தம் சொந்தப் பெயரிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஒட்டியிருந்தால் அது தனிநபருக்கு அனுப்பும் பணமாகக் கருதப்பட்டு அட்டையை ஏற்காது.

முதலீட்டுக் கணக்குத் தொடங்கும் பணி இன்று கைபேசியிலேயே முடிகிறது: பான், ஆதார், வங்கிக் கணக்கு எண், வெள்ளைத் தாளில் இட்ட கையொப்பத்தின் படம், கேமரா முன் முகம் காட்டும் நேரடிச் சரிபார்ப்பு, இறுதியில் ஆதார் எண்ணோடு பதிந்த கைபேசிக்கு வரும் கடவுச்சொல்லால் மின்கையொப்பம். இவ்வளவும் சில நிமிட வேலை என்று விளம்பரம் சொல்கிறது, அது பொய்யும் அன்று. எனினும் மும்பைத் தமிழரின் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெயர் என்னும் ஒற்றைக் காரணம் போதும். தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் சேர்ந்ததே முழுப்பெயர். பான் விண்ணப்பமோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்கிறது. மகாராஷ்டிரத்துப் பள்ளிச் சான்றிதழோ குடும்பப்பெயர், தன்பெயர், தந்தைபெயர் என்ற வரிசையைக் கேட்கிறது. இதன் விளைவாக ஒருவரே ஆதாரில் ‘மு. செல்வராஜ்’, பானில் ‘முத்தையா செல்வராஜ்’, வங்கியில் ‘செல்வராஜ் முத்தையா நாடார்’ என்று மூவராகிவிடுகிறார். மணமான பெண்களுக்கு இது இன்னும் சிக்கல்: பானில் தந்தை பெயரும், ஆதாரில் கணவர் பெயரும், வங்கிக் கணக்கில் பிறந்தகத்துத் தலைப்பெழுத்தும் இருக்கும். தரகர் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பியோ அதிலிருந்து ஒரு ரூபாய் பெற்றோ பெயரைப் பொருத்திப் பார்க்கும் கட்டத்தில் இப்பொருத்தம் உடைகிறது. முதலீட்டின் மையம் பான் என்பதால், பானில் உள்ள வடிவத்தை நிலையாகக் கொண்டு ஆதாரையும் வங்கிப் பதிவையும் அதற்கேற்பத் திருத்துவதே செலவு குறைந்த வழி. மூன்றும் ஒத்துவந்தபின் விண்ணப்பித்தால் காலம் மிச்சம்.

முகவரி இரண்டாவது தடை. ஆதாரில் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மாவட்டத்து ஊர் முகவரியை வைத்துக்கொண்டு தாராவியிலோ செம்பூரிலோ வசிப்பவர், ஊர் முகவரியை நிரந்தர முகவரியாகவும் மும்பை முகவரியைத் தொடர்பு முகவரியாகவும் தர விதிகள் இடமளிக்கின்றன. தொடர்பு முகவரிக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்ற சான்று வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி எனப்படும் பழைய வாடகை முறையில் குடியிருப்பவர்களிடம் ஒப்பந்தம் இராது, மாத வாடகை ரசீது மட்டும் இருக்கும். அவர்களுக்கு மின்கட்டண ரசீதே கைகொடுக்கும். மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவியில் இடம்பெயர நேர்பவர்கள் கேஒய்சி பதிவு முகமையிலும் அட்டை நிறுவனத்திலும் முகவரியைத் தனித்தனியே மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. செபி தலைமையகமும் தேசியப் பங்குச்சந்தையும் தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா குர்லா வளாகத்தில் நிற்கின்றன என்பதால் இப்பணிகளில் எதுவும் எளிதாகிவிடுவதில்லை.

டீமேட் கணக்கு தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தியாவில் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்னும் இரு காப்பகங்கள் உள்ளன. முன்னதன் கணக்கெண் ஆங்கில எழுத்துகளான ஐ, என் என்று தொடங்கும், பின்னது முழுக்கப் பதினாறு இலக்க எண். தரகர் யாராக இருந்தாலும் பங்கு இருப்பது இவ்விரண்டில் ஒன்றிலேயே என்பதால், தரகரின் செயலி காட்டும் இருப்பை, காப்பகம் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையோடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது தரகரின் மீதான அவநம்பிக்கை ஆகாது. அடுத்தது, அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்னும் வகை: 2024 செப்டம்பர் 1 முதல், இதில் 4 லட்சம் ரூபாய் வரையுள்ள இருப்புக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். ஒருவருக்கு முதல் பெயரில் ஒரே டீமேட் கணக்கு மட்டும் இருந்தால்தான் இச்சலுகை கிடைக்கும். சலுகை அறிவிப்பைக் கண்டு இரண்டாவது கணக்கைத் தொடங்கியவர், கேஷ்பேக்காகப் பெறும் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக் கட்டணமாகத் திருப்பிக் கொடுப்பார். விற்பனைக்குப் பங்கைக் கழிக்கத் தரகருக்கு அதிகாரம் தரும் பழைய முழுமையான அதிகாரப் பத்திரத்தின் இடத்தை 2022-க்குப் பின் டிடிபிஐ எனப்படும் குறுகிய அனுமதி பிடித்துள்ளது. அதுவும் கட்டாயமன்று, ஒவ்வொரு விற்பனைக்கும் காப்பகத்தின் கடவுச்சொல்லை இட்டு அனுமதிக்கலாம்.

இவ்வளவுக்குப் பின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கேஷ்பேக்கைச் சேர்ப்பது மட்டுமே நோக்கமானால் டீமேட் கணக்கே தேவையில்லை. பரஸ்பர நிதியின் அலகுகளை நிதி நிறுவனத்திடமே நேரடித் திட்டத்தில், கணக்கு அறிக்கை வடிவில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பராமரிப்புக் கட்டணமும் இல்லை, தரகும் இல்லை. பங்கு, தங்க ஈடிஎஃப், ஐபிஓ ஆகியவற்றில் ஈடுபடும் எண்ணம் உள்ளவருக்கே டீமேட் கணக்கு அவசியம். கேஷ்பேக் சேர்ப்பதற்கென்று தரகுக் கணக்கைத் திறந்துவிட்டு, திறந்த கணக்கு சும்மா இருக்கிறதே என்று ஆப்ஷன் வணிகத்தில் இறங்குவது எந்த வெகுமதியும் ஈடுசெய்ய முடியாத செலவு.

இணைப்பு மாதந்தோறும் எப்படி இயங்கும் என்பதை ஒரு பில்லைக் கொண்டு காணலாம். அட்டையின் பில் தேதி ஒவ்வொரு மாதமும் 12, கட்டவேண்டிய கடைசி நாள் அதிலிருந்து 20 நாள் கழித்து என்று கொள்வோம். மார்ச் 13 அன்று வாங்கிய பொருள் ஏப்ரல் 12-ஆம் தேதிப் பில்லில் ஏறி, மே 2-க்குள் கட்டப்படும். ஐம்பது நாள் வட்டியில்லாத அவகாசம். அதே பொருளை ஏப்ரல் 12 அன்று வாங்கியிருந்தால் அவகாசம் இருபதே நாள். சம்பளம் அல்லது வசூல் வரும் நாளுக்குப் பில் தேதி ஒத்துவராவிட்டால் அதை மாற்றக் கேட்கும் உரிமையை ரிசர்வ் வங்கியின் விதிகள் வழங்குகின்றன. மாதம் 30,000 ரூபாய் செலவிடும் வீட்டில், செலவான தொகையை அன்றன்றே லிக்விட் ஃபண்டுக்கு மாற்றிவைக்கலாம். 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் மட்டும் முதலிடும் இவ்வகை நிதியில், ஏழாம் நாள் முதல் வெளியேறும் கட்டணம் இல்லை, உடனடி மீட்பு வசதியுள்ள திட்டங்களில் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், இவற்றில் குறைந்ததைச் சில நிமிடங்களில் வங்கிக்குக் கொண்டுவரலாம். ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்டுவதாகக் கொண்டால் 30,000 ரூபாய் 35 நாளில் தருவது ஏறத்தாழ 170 ரூபாய். அதற்கு அவரவர் வரி வீதப்படி வருமான வரி உண்டு. பில்லைக் கட்டி முடித்தபின், பில்லில் கழிக்கப்பட்ட கேஷ்பேக்குக்குச் சமமான தொகையை, ஒரு சதவீதமானால் 300 ரூபாயை, சேமிப்புக் கணக்கிலிருந்து தனியொரு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். கழிவு என்பது கையில் வராத பணம் ஆதலால், அதைக் கையில் வந்த பணமாக மாற்றும் செயல் இதுவொன்றே. இதைச் செய்யாதவருக்கு இவ்வத்தியாயத்தின் மற்றப் பகுதிகளால் பயனில்லை.

இனி எதிர்ப்பக்கம். அதே 30,000 ரூபாய் பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகையாகிய 1,500 ரூபாயை மட்டும் கட்டினால், மீதி 28,500 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீத வீதத்தில் வட்டி 997 ரூபாய் 50 காசு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,177 ரூபாய். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுவதால் உண்மைத் தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாத அவகாசம் பறிபோகும். ஏறத்தாழ நான்கு மாதக் கேஷ்பேக் ஒரு மாதத்தில் மறைகிறது. அட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டதால் அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை. ஆகவே முழுத்தொகையும் தானாகப் பிடிக்கப்படும் ஆணையை வங்கியில் பதிவு செய்யாமல் முதலீட்டுப் பகுதிக்கே செல்லக்கூடாது. தெருச்சீட்டுத் தவணைக்கோ கந்துவட்டிக்கோ பணம் கட்டிக்கொண்டிருப்பவர் முதலில் அக்கடனைத் தீர்ப்பதே எந்த நிதியையும்விட அதிக வருவாய் தரும்.

வெகுமதியைப் பெருக்கும் ஆசையில் உறவினர், பக்கத்து வீட்டார், கடைக்குச் சரக்கு வாங்குவோர் ஆகியோரின் செலவையும் தம் அட்டையில் தேய்த்து ரொக்கமாகத் திரும்பப் பெறும் பழக்கம் பரவலாக உள்ளது. ஒரு நிதியாண்டில் அட்டைப் பில்லுக்கு ரொக்கமாக 1 லட்சம் ரூபாயோ, பிற வழிகளில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால் அட்டை நிறுவனம் அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். ஆண்டு வருமானம் 4 லட்சம் என்று கணக்குக் காட்டியவர் 11 லட்சம் பில் கட்டியது எவ்வாறு என்ற கேள்விக்கு, மைத்துனருக்காக வாங்கியது என்ற பதிலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. செலவு யாருடையதோ அவர் பணத்தை வங்கி வழியாகவே திருப்பித் தரச் செய்து, பில் நகலையும் வைத்திருப்பது குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

பயன்படாத அட்டையை மூட எழுத்துமூலம் கேட்டு, நிலுவையும் இல்லாதிருந்தால், ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி கூறுகிறது. அட்டை பற்றிய முறையீட்டுக்கு வங்கி 30 நாளில் பதிலளிக்காவிட்டாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தரகர் பற்றிய முறையீடு செபியின் ஸ்கோர்ஸ் தளத்துக்கு உரியது. மூடும் முன் சேர்ந்த புள்ளிகளை மீட்டுவிட வேண்டும், மூடியபின் அவை கிடைக்கா. டீமேட் கணக்கை மூடுபவர் அதிலுள்ள அலகுகளை இன்னொரு டீமேட் கணக்குக்கு மாற்ற வேண்டியிருந்தால், புதிய கணக்கின் விவர அறிக்கையை இணைத்துத் தரகரிடம் விண்ணப்பித்து, இரு கணக்கிலும் பெயரும் பானும் ஒன்றாக இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.